ஓடை வரை வந்த மரியாதை

மருந்துச்சாலை வைத்தியர் அப்போதிக்கரி நாகமுத்தர் இறந்த செய்தி எனக்கு இரண்டு தடவை வந்தது.

முதல் தடவை அதைக் கொண்டுவந்தவர் காசிம் காக்கா. சிலாவத்துறைப் பக்கமிருந்து மன்னார்ப் பட்டினத்துக்குக் கருவாடு ஏற்றி வரும் வண்டிக்காரர். என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார். "புலவர், எங்கட அப்போதிக்கரி மௌத்தாப் போயிட்டார். நேத்து அசர் தொழுகைக்குப் பிறகு. கண்டல்முனையில ஒரு வீட்டிலயும் உலை வைக்கேல்ல." சொல்லிவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இறங்கி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ காக்கா" என்றேன். சாவுச் செய்தி சொன்னவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்ட விசரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவரும் இறங்கினார். இருவரும் குடித்தோம்.

இரண்டாம் தடவை, மூன்றாம் நாள் பத்திரிகையில் வந்தது. முதலியார் பட்டம் பெற்றவர், சமாதான நீதவான், வைத்திய சிகாமணி, தரும பூஷணம், இன்னும் என்னென்னவோ. பன்னிரண்டு வரிச் செய்தியில் எட்டு வரி பட்டங்கள். காசிம் காக்கா சொன்ன ஆளும் இந்த ஆளும் ஒருவர்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பட்டங்களில் இரண்டு நான் கட்டிவிட்டவை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் நீங்கள் இந்தக் கரையெங்கும் இருக்கிறீர்கள். நான் கூட்டிச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்ற பயமும் இருக்கிறது. அது நல்லதுதான்.

நான் அவரை முதலில் கண்டது குப்புறப் படுத்த நிலையில். வேம்படித்துறைத் தமிழ்ப் பாடசாலைக்கு மாற்றலாகிப் போன புதிதில், உட்காரும் இடத்தில் எனக்கு ஒரு கட்டி வந்தது. வாத்தியாருக்கு வரக்கூடாத இடம். நாலு நாள் நின்றுகொண்டே பாடம் நடத்திவிட்டு, ஐந்தாம் நாள் மருந்துச்சாலைக்குப் போனேன். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். கறுத்த, மெலிந்த மனிதர். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்கள் வெண்பா எழுதுற ஆள் எண்டு சொன்னவை. ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "எதுக்கு ஐயா?" என்றேன். "எங்கை தளை தட்டுதோ அங்கை வெட்டுறன்" என்றார். மூன்றாம் அடியில் எனக்குத் தட்டியது. அவர் வெட்டினார். அன்றிலிருந்து நான் அவருக்குப் "புலவர்". அந்தப் பெயர் ஊரெல்லாம் பரவி, இப்போது என் சொந்தப் பெயர் என் மனைவிக்கே மறந்து போயிருக்கும்.

வேம்படித்துறையை அறியாதவர்களுக்கு அதன் கிடப்பைச் சொல்ல வேண்டும். மருந்துச்சாலை, பாடசாலை, கோயில், கடை எல்லாம் இந்தக் கரையில். ஓடைக்கு அந்தக் கரையில் கண்டல்முனை, முஸ்லிம் மீனவர் குடியிருப்பு, எழுபது வீடு. நடுவிலே அந்த உப்போடை. கடல் வற்றினால் முழங்கால் சேறு, வள்ளம் அசையாது. கடல் ஏறினால் வள்ளத்தில் வரலாம். மாரியில் உள்ளே குளங்கள் நிரம்பி வான் பாய்ந்து தண்ணீர் இறங்கினால் இரண்டும் இல்லை. நடந்தாலும் இழுக்கும், வள்ளம் போட்டாலும் கடலுக்கு இழுத்துப் போய்விடும். அந்த நாட்களில் கண்டல்முனைக்கு மருந்தும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை.

அப்படி ஒரு மாரிக் காலையில் பாத்தும்மாவைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு அந்தக் கரைக்கு வந்தார்கள். மீன்பிடிக்கும் இபுறாகிமின் மனைவி. பிள்ளை குறுக்கே கிடந்தது. செய்தி கேட்டு அப்போதிக்கரி பையோடு ஓடினார். பின்னால் நானும் மருந்துச்சாலையில் எடுபிடியாக இருந்த ஓடலியும் ஓடினோம். தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு நீந்தத் தெரியாது. குளத்தங்கரையில் பிறந்த மனிதருக்கு வயல் தெரியும், கடல் தெரியாது. இரண்டு தடவை நெஞ்சளவு இறங்கினார். இரண்டு தடவையும் நாங்கள் பிடித்து இழுத்தோம். பிறகு கரையில் நின்றபடி, அந்தப் பக்கம் இருந்த மருத்துவிச்சிக்குக் கையை வாயில் குவித்து, என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கத்தினார். காற்று பாதியைக் கொண்டு போனது. மத்தியானத்துக்கு முன்னம் அந்தக் கரையில் அழுகைச் சத்தம் எழும்பியது. தாயும் போனாள், பிள்ளையும் போனது. அவர் பையை மூடுவதற்கு மறந்து அப்படியே நின்றார். நானும் ஓடலியும் அவரை வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனோம்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "அரசாங்கத் துரைக்கு ஒரு பெட்டிசம் எழுதோணும். உங்கடை கையெழுத்து வடிவு. நான் சொல்லச் சொல்ல எழுதுங்கோ" என்றார். ஒரு பாலம் வேண்டும், ஒரு ஆள் ஒரு கட்டிலின் தலைப்பக்கத்தையும் இன்னொரு ஆள் கால்பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடிய அகலத்தில் ஒரு மரப்பாலம் வேண்டும். அவ்வளவுதான் விஷயம். எனக்குக் கை சும்மா இருக்குமா? "கருணைக் கடலாகிய துரை அவர்கள் சமூகத்துக்கு" என்று தொடங்கினேன். எட்டிப் பார்த்தவர் பேனாவை என் கையிலிருந்து பிடுங்கிக் கீறிவிட்டார். "கருணையைக் கடலெண்டு எழுதாதேங்கோ புலவர். நேத்துக் கடல் அங்கை வாயைத் திறந்துகொண்டு நிண்டதை நாங்கள் ரெண்டு பேரும் பாத்தனாங்கள்." நான் வேறு தாள் எடுத்தேன்.

பதில் ஐந்து மாதம் கழித்து வந்தது. பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பின்தங்கிய கரையில் அவர் காட்டும் கடமையுணர்ச்சி மேலிடத்தின் கவனத்துக்கு வந்திருப்பதாகவும், அதற்காக ஒரு நற்சான்றிதழ் அனுப்பப்படுவதாகவும் இருந்தது. ஊரார் அதைக் கண்டதும் குதித்தார்கள். எங்கள் அப்போதிக்கரிக்குத் துரை கையெழுத்தில் சான்றிதழ்! உடனே ஒரு பாராட்டுக் கூட்டம், உடனே ஒரு வாழ்த்துப் பத்திரம், அதை எழுத உடனே நான். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிப் பொன் மையில் அச்சடித்து, சட்டம் போட்டுக் கொடுத்தோம். தன்வந்திரியே, தயாநிதியே, குணக்குன்றே என்று நாற்பது வரி. அவர் அதை முழுவதும் பொறுமையாக வாசித்துவிட்டு என்னை அருகில் கூப்பிட்டார். "புலவர், இதிலை இருக்கிற ஆள் ஆர்? நல்ல மனுசனாக் கிடக்கு. எனக்கு ஒருக்கா அறிமுகப்படுத்தி வையுங்கோ."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதை அன்று கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாரி முடிந்ததும் அவர் ஒரு பெட்டிசம் எழுதுவார். நான் பட்டினத்துக்கு மாற்றலாகி வந்த பின்னும் தபாலில் அனுப்பி என்னைக் கொண்டு நல்லெழுத்தில் எழுதுவிப்பார். துரைமார் வந்தார்கள், போனார்கள். ஒருவர் சமாதான நீதவான் ஆக்கினார். இன்னொருவர் முதலியார் பட்டத்துக்குச் சிபாரிசு செய்தார். ஊர்ச் சங்கங்களும் சும்மா இருக்கவில்லை. அவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது (ஓய்வு பெற்றும் மருந்து கொடுப்பதை அவர் விடவில்லை) ஒரு விழா, அறுபது வயதுக்கு ஒரு விழா, பட்டம் கிடைத்ததற்கு நாலு ஊரில் நாலு விழா. மனிதருக்கு வயது ஏற ஏற மாலையின் தடிப்பும் ஏறியது. மேடையில் நடுக் கதிரையில் இருத்துவார்கள். மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க அவர் தூங்கிப் போவார். அதையும் "நிட்டையில் அமர்ந்த ஞானிபோல்" என்று நான் ஒரு பத்திரத்தில் எழுதியிருக்கிறேன். என்னத்தைச் சொல்ல!

வீட்டுக்கு வரும் மாலைகளை அவருடைய மனைவி மனோன்மணி அக்கா கொல்லையில் கட்டியிருக்கும் ஆட்டுக்குப் போட்டுவிடுவா. "இந்த மரியாதையளாலை பிரயோசனப்பட்டது இந்த ஆடு ஒண்டுதான் தம்பி" என்று என்னிடமே சொல்லுவா. அப்போதிக்கரி அதைக் கேட்டுச் சிரிப்பார். ஆனால் ஒருநாள் பட்டினத்தில் ஒரு விழா முடிந்து என் வீட்டில் இருந்தபோது, மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அறுபத்தெட்டு வயது மனிதர் வாய்விட்டு அழுததை நான் அன்றுதான் கண்டேன். "வயசு போன ஆளுக்கு மாலை போடுறது லேசு புலவர். அவன் இனித் திருப்பிக் கேக்க மாட்டான் எண்டு அவைக்குத் தெரியும். நான் செத்தாப்பிறகு செய்யவேண்டியதை எல்லாம் நான் இருக்கக்குள்ளையே செய்து முடிக்கினம். இந்த மாரியும் ஒரு பிள்ளை அங்காலை காய்ச்சலிலை போயிட்டுது. பொன் மை எல்லாம் எனக்கு நெஞ்சைக் கரிக்குது." சாப்பிடக் கூப்பிட்டேன். நான் எப்போதும் இப்படித்தான்.

எழுபது வயது விழா வந்தது. நான்தான் விழாக் குழுவின் செயலாளர். புதிதாக வந்திருந்த துரை வேம்படித்துறைக்கே நேரில் வந்து கலந்துகொள்வதாகச் சம்மதித்திருந்தார். அந்த ஊருக்கு ஒரு துரை விழாவுக்கு வருவது அதுதான் முதல் தடவை. நான் நூற்றெட்டு வரியில் ஒரு பத்திரம் எழுதி வைத்திருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது என்று அப்போது நினைத்தேன். அப்போதிக்கரி வரமாட்டேன் என்றுவிட்டார்.

அவரைச் சம்மதிக்க வைக்க நானே வண்டி கட்டிக்கொண்டு போனேன். "குடுக்கிறதை வாங்கிறதும் ஒரு பண்பு ஐயா. ஊர் ஆசையா எடுக்கிற விழாவை உதறினா ஊருக்கு அவமானம்" என்றேன். அவர் எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, சட்டமிட்ட ஒன்பது பத்திரங்களையும் எடுத்து என் முன்னால் அடுக்கினார். "இதெல்லாம் நீங்கள் எழுதினது. இந்த ஒன்பதிலை எதிலையாவது பாலம் எண்ட சொல் இருக்கோ? வாசிச்சுச் சொல்லுங்கோ."

வாசிக்கத் தேவையிருக்கவில்லை. எழுதியவனுக்குத் தெரியாதா? ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லை எழுதலாமோ என்று யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், சபையில் குறை சொல்வது அழகில்லை என்று குழுவிலே யாராவது சொல்லுவார்கள், நானும் தலையாட்டுவேன். அவர் கேட்டதையெல்லாம் மறைத்து, அவர் கேட்காததையெல்லாம் நாற்பது வரியிலும் அறுபது வரியிலும் கொடுத்தவன் நான். முகம் எரிந்தது. கோபமும் வந்தது. "அப்ப நான் என்ன உங்களுக்குத் துரோகியோ?" என்று கத்திவிட்டு எழும்பினேன். வாசலைத் தாண்டவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சரி புலவர், வாறன். ஒரு நிபந்தனை. பழைய முறைப்படி நிலபாவாடை விரிக்கோணும். மருந்துச்சாலை வாசலிலை துவங்கி, மேளத்தோடை."

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பெரியவர்களை அழைத்துவரும்போது அவர்களின் கால் வெறும் மண்ணில் படக்கூடாது என்று, வழியெல்லாம் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு போவது எங்கள் பக்கத்து வழக்கம். நீளமான துணிகள் இரண்டு. ஒன்றில் அவர் நடக்கும்போது மற்றதை முன்னால் விரிப்பார்கள். அவர் தாண்டியதும் பின்துணியை எடுத்துக்கொண்டு ஓடி மறுபடி முன்னால் விரிப்பார்கள். அதற்குரியவர் ஊருக்குத் துணி வெளுக்கும் கட்டாடி வேலர். அந்த ஊரில் அந்த முறையை அவரைப்போல் அறிந்தவர் இல்லை. மதிப்புக்குரியவர் ஒருவரை இப்படிப் போ, அப்படிப் போ என்று யாரும் சொல்லக்கூடாது. கால் எங்கே போகிறதோ அங்கே துணி போக வேண்டும். துணிக்குப் பின்னால் மேளம், மேளத்துக்குப் பின்னால் ஊர்.

எனக்கோ ஒரே சந்தோஷம். திரும்பி வந்து குழுவிடம் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம். "கிழவருக்கும் கடைசியிலை ஆசை வந்திட்டுது!" என்றார் ஒருவர். வரட்டும், எழுபது வயதில் வரட்டும் என்றேன் நான்.

தை மாதம், பின்னேரம். மருந்துச்சாலை வாசலில் அப்போதிக்கரி வெள்ளை வேட்டி, நீளக்கோட்டு, தலைப்பாகையோடு நின்றார். கழுத்தில் மாலை. வேலர் முதல் துணியை விரித்தார். தவிலும் நாதசுவரமும் எடுத்தன. துரை தொப்பியும் கோட்டுமாகப் பின்னால் நடந்தார். என் அரைகுறை இங்கிலீசை நம்பி என்னை அவருக்குப் பக்கத்தில் விட்டிருந்தார்கள். கடைத்தெரு தாண்டினால் பாதை பிரியும். வலப்பக்கம் பாடசாலை, அங்கேதான் பந்தல். அப்போதிக்கரி இடப்பக்கம் திரும்பினார்.

வேலர் வலப்பக்கம் விரித்திருந்த துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்து இடப்பக்கம் விரித்தார். மேளகாரர் ஒரு கணம் தடுமாறிப் பின்னால் போனார்கள். ஊரும் போனது. நான் முன்னால் ஓடி, "ஐயா, பந்தல் அங்காலை!" என்றேன். "தெரியும் புலவர்" என்றார். நடையைக் குறைக்கவில்லை. குழுக்காரர் ஒருவர் வேலரின் தோளைப் பிடித்து, "நீ விரியாதை, அவர் நிப்பார்" என்றார். வேலர் தோளைக் குலுக்கி விடுவித்துக்கொண்டார். "கால் போற இடத்துக்குத் துணி போகோணும் ஐயா. அதிலை நீங்களும் சொல்லேலாது, நானும் சொல்லேலாது."

ஓடைக்கரை வந்தது. சேற்றில் துணி விழுந்தது. அவர் அதன் மேல் நடந்தார். தண்ணீர் விளிம்பு வந்தது. அவர் நிற்கவில்லை. இந்த மனிதருக்கு நீந்தத் தெரியாதே என்று எனக்குப் பயம். கணுக்கால், முழங்கால், இடுப்பு. வேலர் அடுத்த துணியோடு கரையில் ஒரு வினாடி நின்றார், பிறகு தானும் இறங்கினார். இறங்கி, துணியைத் தண்ணீரின் மேல் விரித்தார். அது மிதந்தது. மேளம் நின்றுவிட்டது. மேளச் சத்தம் கேட்டு அந்தக் கரையில் கண்டல்முனை முழுவதும் வந்து நின்றது. ஆண்கள், பெண்கள், பிள்ளைகள்.

அப்போதிக்கரி இடுப்பளவுத் தண்ணீரில் எங்கள் பக்கம் திரும்பினார். மாலையின் நுனி மிதந்துகொண்டிருந்தது.

"உங்கடை மரியாதை இவ்வளவு தூரந்தான் வருகுது. நான் குறை சொல்லேல்லை. ஆசையாத்தான் தந்தனீங்கள். ஆனா என்ரை நோயாளியள் அங்காலை இருக்கினம். அதுமட்டும் வாற மரியாதை ஏதும் இருந்தாத் தாங்கோ. இல்லாட்டி என்னை வீட்டை போக விடுங்கோ."

துரை என்னிடம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் சொன்னேன். சொல்லுக்குச் சொல். ஒரு அடைமொழி சேர்க்காமல் நான் வாய்திறந்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. துரை தொப்பியைக் கழற்றினார். மாரியில் தண்ணீர் எவ்வளவு வரும் என்று கேட்கச் சொன்னார். அப்போதிக்கரி வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார். இதற்கு முன்னம் ஏன் சொல்லவில்லை என்று துரை கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. நானே பதில் சொன்னேன். அவர் இருபத்துநாலு தடவை சொல்லியிருக்கிறார், நல்லெழுத்தில் எழுதியது நான், ஒவ்வொன்றுக்கும் பதிலாக வந்ததைக் கொண்டாடிப் பாட்டெழுதியதும் நான் என்றேன். குழுக்காரர் முறைத்தார்கள். முறைக்கட்டும்.

அதற்குள் அந்தக் கரையிலிருந்து நாலைந்து பெண்கள் தண்ணீரில் இறங்கி வந்து, மிதந்துபோன துணியின் மறுநுனியைப் பிடித்தார்கள். இங்கே வேலர், அங்கே அவர்கள். துணி ஓடையின் குறுக்கே இழுபட்டு நின்றது. ஒரு கிழவி உரத்த குரலில், "அப்போதிக்கரி ஐயா, போதும், கரைக்கு ஏறுங்க! ஒங்களுக்குக் காய்ச்சல் வந்தா எங்களுக்கு ஆரு மருந்து தாற?" என்றாள். ஊர் முழுவதும் சிரித்துவிட்டது. அவரும் சிரித்தார். வேலர் கையைப் பிடித்து ஏற்றினார்.

பந்தலில் அன்று யாரும் பேசவில்லை. நூற்றெட்டு வரிப் பத்திரத்தை நான் வாசிக்கவில்லை.

உடனே பாலம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இன்னும் இரண்டு மாரி போனது. ஆனால் அந்தத் துரை அன்று கண்டதை மறக்கவில்லை. காட்டில் மரம் வெட்ட அனுமதி வந்தது, வேலையை மேற்பார்க்க ஒரு ஓவசியரும் வந்தார். பாலை மரக் கால்களைக் கண்டல்முனை ஆண்கள் நாட்டினார்கள், சேற்றில் அவர்களுக்குத்தான் கை வரும். மேலே பனங்குற்றி பரப்பியது வேம்படித்துறை. இத்தனை வருஷம் ஒருவரையொருவர் ஓடைக்கு இக்கரையிலும் அக்கரையிலும் நின்று பார்த்தவர்கள், நடுவில் நின்று ஒரே முட்டியில் கஞ்சி குடித்தார்கள். திறப்பு விழா வைக்க வேண்டும் என்று குழு மறுபடி கிளம்பியது. "முதல் நோயாளி நடந்தாப்போலை அது திறந்ததுதான்" என்று அப்போதிக்கரி முடித்துவிட்டார்.

முதல் நோயாளி சபுறா. நிறைமாதக்காரி. அந்தக் கிழமை நான் அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன். இருவரும் பாலத்தின் இந்த முனையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தோம். சபுறா தன் காலாலேயே நடந்து வந்தாள். நடுப்பாலத்தில் மூச்சு வாங்கி நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் பார்த்து ஏசத் தொடங்கினாள். "இதென்ன பாலம் கட்டிவெச்சிருக்கிறீங்க! புடிக்க ஒரு கம்பு கூட இல்ல. வயித்துப் பாரத்தோட வாற பொம்புள விழுந்தா ஆரு பதில் சொல்லுற? இதக் கட்டினவனுக்கு மூள இல்லையா?"

எனக்குக் கோபம் வந்தது. எவ்வளவு பாடுபட்ட மனிதர் முன்னால் என்ன பேச்சு என்று எழும்பினேன். அப்போதிக்கரி என் கையைப் பிடித்து இருத்தினார். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "புலவர், கேட்டியளோ? இருக்கிற பாலத்திலைதானே குறை சொல்லலாம்! முப்பது வரியமா நீங்கள் எல்லாரும் எனக்குத் தராத மரியாதையை இந்தப் பிள்ளை ஒரு நிமிஷத்திலை தந்திட்டுது." அன்று பின்னேரம் சபுறாவுக்குச் சுகப்பிரசவம். மறுநாள் எழுபத்திரண்டு வயது முதலியார் கயிறும் கம்பும் எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போய்க் கைபிடி கட்டத் தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் மேடையில் தூங்கியதை யாரும் கண்டதில்லை. கூப்பிட்டால் போவார். மாலையைப் போட விடுவார். போட்டவரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, ஓடையின் மேற்குப் பக்கம் மண் அரிக்கிறது, எப்போது ஆள் அனுப்புவீர்கள் என்று கேட்பார். மாலை போடவே மனிதர்கள் பயந்தார்கள். அவருக்கு அதில் தனி ஆனந்தம்.

காசிம் காக்கா சொன்ன அன்றே புறப்பட்டும், நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்குள்ளே கண்டல்முனைப் பெண்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். மனோன்மணி அக்கா என்னைக் கண்டதும் அழவில்லை. அலுமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்துத் தந்தா. "புலவரிட்டைக் குடு எண்டவர் தம்பி. நல்லெழுத்திலை எழுதட்டாம். அலங்காரம் ஒண்டும் வேண்டாமாம்."

அவருடைய நடுங்கும் எழுத்து. கண்டல்முனையில் நிரந்தரமாகத் தங்கக்கூடிய படித்த மருத்துவிச்சி ஒருத்தி வேண்டும், அவளுக்கு ஒரு சிறிய வீடு வேண்டும் என்று தொடங்கியிருந்தார். பாலத்தால் வர நேரமில்லாத பிரசவங்களும் உண்டு என்று எழுதி, அந்த வரி முடியாமலே நின்றிருந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தத் தாள். பதக்கங்களும் பத்திரங்களும் வீட்டில் இருக்கின்றன, வேண்டியவர்கள் போய்ப் பார்க்கலாம். நான் அந்த வரியை முடித்தேன். நல்லெழுத்தில் எழுதி, கீழே என் சொந்தப் பெயரை இட்டேன். போன கிழமை பட்டினத்துச் சங்கத்தார் சிலர் வந்து, எனக்கும் அறுபத்தாறு ஆகிவிட்டதாம், ஒரு பாராட்டு விழா எடுக்கிறார்களாம். அவர்கள் முன்னால் இந்தத் தாளை வைத்தேன். முதலில் இதில் கையெழுத்து, பிறகு விழாப் பேச்சு என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூன்று பேர் போட்டார்கள். மற்றவர்கள் யோசித்துச் சொல்வார்களாம். பரவாயில்லை, நான் ஓரிடமும் போகவில்லை.

நாகமுத்தரை அறிந்தவர்களே, அவரால் பிழைத்தவர்களே, நானும் நீங்களும் அவர் கழுத்தில் போட்டது போதும். அஞ்சலி செலுத்த விரும்புகிறவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள். மாலை கொண்டுவர வேண்டாம். கையெழுத்துத் தெரியாதவர்கள் பெருவிரலோடு வந்தால் போதும், மை என்னிடம் இருக்கிறது.